ரிமாண்டில் இருப்பவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால்

கடலூர் கேப்பர் மலையில் இருக்கும் மத்திய சிறைக்குக் கடலூர் மாவட்டத்து ஆட்கள் மட்டும் வருவதில்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து வழக்குகளில் ரிமாண்ட் ஆகிறவர்களும், அதாவது விசாரணை முடியும் முன்பே நீதிமன்றக் காவலில் வைக்கப்படுகிறவர்களும், அங்கே வந்து சேர்கிறார்கள். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் வடக்கே போனால் புதுச்சேரியின் மத்திய சிறை, காலாப்பட்டில். இரண்டும் வேறு வேறு அரசுகளின் கீழ் இருக்கின்றன. ஆனால் உள்ளே இருப்பவர்களின் வீடுகள் ஒரே வட்டாரம்தான். புதுச்சேரியின் பாகூர்க்காரர் கேப்பர் மலையிலும், கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்துக்காரர் காலாப்பட்டிலும் இருப்பது இங்கே சாதாரணம்.

இந்தியச் சிறைகளில் தண்டனை பெற்றவர்களைவிட விசாரணைக் கைதிகளே மிக அதிகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சிறையில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள் இவர்கள். சட்டத்தின் கண்ணில் நிரபராதிகள். இவர்களுக்குக் காய்ச்சலோ மாரடைப்போ வலிப்போ வந்தால் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. 1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம், 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறை விதிகள், 2016-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தண்டனைக் கைதி ஏழு வருடம் இருப்பார் என்றால் ஏழு வருடம் இருப்பார். அவருக்கு ஒரு கோப்பு உண்டு, ஒரு பிளாக் உண்டு, மருந்து வாங்கும் நாள் உண்டு. ரிமாண்டில் இருப்பவர் நாளை ஜாமீனில் போகலாம், எட்டு மாதம் கழித்தும் போகலாம். யாருக்கும் தெரியாது. அதனால் அவருக்கு எந்தச் சிகிச்சையையும் முறையாகத் தொடங்க யாருக்கும் மனம் வருவதில்லை. ‘வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மாதங்கள் ஓடிவிடும். அலட்சியம் ஒரு ஆளிடம் இருந்தால் அவரைக் கேட்கலாம். இங்கே அது தேதி தெரியாததில் இருக்கிறது, அதனால் யாரைப் பிடித்துக் கேட்பது என்றே தெரிவதில்லை.

பண்ருட்டிப் பக்கம் பலாப்பழ வியாபாரி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 52, பத்து வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். ஏதோ நிலத் தகராறில் அடிதடி, கைது. இவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போனால் ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியும்.

கைதானதும் அரசு மருத்துவர் அவரைப் பரிசோதிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 54-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 53. உடம்பில் காயம் இருக்கிறதா, எப்போது ஏற்பட்டிருக்கலாம் என்று மருத்துவர் பதிவு செய்ய வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்தக் கடைசி வரியைத் தெரிந்துவைத்திருக்கும் குடும்பங்கள் குறைவு. கேட்டு வாங்கும் குடும்பங்கள் அதைவிடக் குறைவு.

இந்தப் பரிசோதனை எதற்காக வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்தில் அடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டிலிருந்து பிறந்தது அது. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த கட்டளைகளில், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பதும் ஒன்று. எனவே நள்ளிரவில் ஜி.எச். கேஷுவாலிட்டியில் நிறுத்தப்படும் அந்தப் பலாப்பழ வியாபாரியிடம் கேட்கப்படும் கேள்வி ‘அடிச்சாங்களா?’ என்பதாக இருக்கும். ‘என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்பதாக இருக்காது. அவரும் சொல்ல மாட்டார். பக்கத்தில் காவலர் நிற்கிறார், தூக்கம் இல்லை, வீட்டில் என்ன ஆயிற்றோ என்ற கவலை. இதில் சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்கு நினைவு வரும்?

காயத்தைத் தேடும் அந்த ஒரு வேலையைக்கூட இந்தப் பரிசோதனை செய்யத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூன் 19 அன்று கைதான தந்தையும் மகனும் மறுநாள் அரசு மருத்துவமனையில் சான்று பெற்று, மாஜிஸ்திரேட்டால் ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ஆம் தேதி காலை தந்தை இறந்தார். காவல் நிலையம், மருத்துவர், நீதிமன்றம், சிறை என்று நான்கு இடங்களைக் கடந்துதான் அவர்கள் செத்தார்கள். நான்கில் எந்த ஒன்று ‘இவர்களை முதலில் வார்டில் படுக்க வையுங்கள்’ என்று சொல்லியிருந்தாலும் கதை மாறியிருக்கும்.

இந்த முதல் இரண்டு மூன்று நாட்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரத்துக்கு அது முக்கியம். புதுச்சேரியில் சாராயம் மலிவு. எல்லையைத் தாண்டிப் பாட்டில் கடத்தியதாகக் கைதாகிறவர்கள் முதல் குடித்துவிட்டுச் சண்டை போட்டவர்கள் வரை, தினமும் குடிக்கும் பழக்கம் உள்ள பலர் ரிமாண்டுக்கு வருகிறார்கள். பல வருடமாகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் இல்லாத பூச்சி ஊர்வதாகத் தெரிவது, பிதற்றல், காய்ச்சல் என்று உயிரைப் பறிக்கக்கூடிய நிலை வரலாம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது கூறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பரிசோதித்த மருத்துவர் பார்க்கும்போது ஆள் நன்றாக இருப்பார். மாஜிஸ்திரேட் பார்க்கும்போது லேசாகக் கை நடுங்கும், பயத்தில் நடுங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். வலிப்பு வரும் நேரத்தில் அவர் சிறையின் முதல் இரவிலோ இரண்டாவது இரவிலோ பூட்டிய அறைக்குள் இருப்பார்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பது, கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின். விலை உயர்ந்த வைத்தியமும் இல்லை. ஆனால் சிறைக்குள் நுழையும் வேளையில் ‘தினமும் குடிப்பீங்களா? கடைசியா எப்ப குடிச்சீங்க?’ என்று இரண்டு கேள்வி கேட்கப்பட வேண்டும். கேட்காவிட்டால் இரண்டு நாள் கழித்துக் கத்தும் ஆளை, ‘ரகளை பண்றான்’ என்று தனி அறையில் போடுவார்கள். அங்கே நிலைமை இன்னும் மோசமாகும்.

சரி, சிறை வாசலுக்கு வருவோம். 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, உள்ளே வரும் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் காயங்களையும் ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும் என்கிறது. கவனித்துப் படித்தால் ஒன்று தெரியும்: மருத்துவ அதிகாரியே நேரில் பரிசோதிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கட்டாயப்படுத்தவில்லை, அவருடைய பொது உத்தரவின்படி நடந்தால் போதும். ரிமாண்ட் ஆகி வருகிறவர்கள் பெரும்பாலும் கோர்ட்டு முடிந்து சாயங்காலம்தான் வருவார்கள். அந்த நேரத்தில் மருத்துவர் இருப்பாரா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மாதிரிக் கையேடு 300 கைதிகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்கிறது. நாடு முழுக்கவே பல சிறைகள் அந்தக் கணக்கை எட்டவில்லை. மருந்தாளுநரும் செவிலியரும்தான் பெரும்பாலான நேரம் அங்கே வைத்தியத்தைத் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

உள்ளே போன பிறகு நோயாளி மருத்துவரை எப்படி அடைகிறார்? இதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது, 37-ஆவது பிரிவு. மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்பவரின் பெயரை, அல்லது பார்த்தாலே உடம்பு சரியில்லை என்று தெரிபவரின் பெயரை, அந்தப் பிளாக்கின் பொறுப்பில் இருப்பவர் தாமதமில்லாமல் ஜெயிலருக்குச் சொல்ல வேண்டும். ஜெயிலர் தாமதமில்லாமல் மருத்துவ உதவியாளருக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே மருத்துவர். படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் நெஞ்சு வலிக்கிறவருக்கும் மருத்துவருக்கும் நடுவில் சீருடை போட்ட இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவருக்கும் மருத்துவம் தெரியாது. ‘நடிக்கிறானா, நிஜமா?’ என்று முடிவெடுப்பது முதலில் அவர்கள்தான். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வீட்டு ஆட்களைப் பார்க்க வேண்டும் என்று வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் நூறு பேரில் தொண்ணூறு பேர் நடித்தாலும் மீதிப் பத்து பேரைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. பிளாக் காவலரின் வேலை இல்லை.

பலாப்பழ வியாபாரிக்குத் திரும்புவோம். ஒருவழியாக மருத்துவர் அவரைப் பார்த்துவிட்டார், சர்க்கரை மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. சிறையில் மாலை ஆறு மணிக்குள் எல்லோரையும் அடைத்துவிடுவார்கள். இரவுச் சாப்பாடு அதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். சிலர் அப்போதே சாப்பிடுவார்கள், சிலர் தட்டை மூடி வைத்து எட்டு மணிக்கு ஆறிப்போனதைச் சாப்பிடுவார்கள். மறுநாள் காலை வரை வேறு எதுவும் கிடையாது. கிளைமிப்பிரைடு வகை மாத்திரையை அஞ்சரை மணிக்கு விழுங்கிவிட்டுக் கொஞ்சமாகச் சாப்பிட்ட ஒருவருக்கு நடு இரவில் சர்க்கரை சரேலென்று இறங்கலாம். வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், மயங்குவார். பக்கத்தில் படுத்திருப்பவர் கம்பியைத் தட்டிக் கூப்பிட வேண்டும். மயங்கும் முன்பே ஒரு ஸ்பூன் சர்க்கரை வாயில் போட்டால் ஆள் பிழைக்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், ஊசியைக் கைதியின் கையில் கொடுக்க மாட்டார்கள், எனவே ஒவ்வொரு வேளைக்கும் அவரை மருத்துவமனைப் பிளாக்குக்குக் கூட்டிப் போக வேண்டும், சாப்பாடும் அந்த நேரத்துக்கு வர வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் அமைவதை மருத்துவர் மட்டும் ஏற்பாடு செய்ய முடியாது. சமையல்கட்டும் லாக்கப் நேரமும் சேர்ந்து அசைய வேண்டும்.

சிறைச் சட்டத்தில் விசாரணைக் கைதிக்கு உள்ள ஒரு சலுகை இங்கே உதவலாம். 31-ஆவது பிரிவின்படி, தண்டனை பெறாதவர் தன் சொந்தச் செலவில் வெளியிலிருந்து உணவும் துணியும் படுக்கையும் பிற தேவைகளும் பெற்றுக்கொள்ளலாம், சோதனைக்கும் விதிகளுக்கும் உட்பட்டு. ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 118-ஆவது இன்னும் ஒரு படி மேலே போகிறது: நியாயமான காரணமும் செலவுக்குப் பணமும் இருந்தால், விசாரணைக் கைதி தன் சொந்த மருத்துவரையே வரவழைத்துப் பார்க்கலாம். ஆனால் மாத்திரை விஷயத்தில் சிறைகள் கறாராக இருக்கும். மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, போகும் மனைவி பையில் கொண்டுபோகும் மருந்து அட்டை நேராக உள்ளே போகாது. தற்கொலை, போதை என்ற இரண்டு பயமும் நியாயமானவைதான். சிறை மருத்துவர் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே. அதனால் மருந்தைவிட மருந்துச் சீட்டுதான் முக்கியம்.

வெளி மருத்துவமனைக்குப் போவது அடுத்த கட்டம். என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கேப்பர் மலையிலிருந்து மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனை சில கிலோமீட்டர் தூரம். ஆட்டோவில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் கைதியைச் சிறைக் காவலர்கள் தாங்களாகக் கூட்டிப்போக மாட்டார்கள். வழிக்காவலுக்கு, அதாவது எஸ்கார்ட்டுக்கு, மாவட்ட ஆயுதப்படைப் போலீஸ் வர வேண்டும். சிறையிலிருந்து கடிதம் போக வேண்டும், அங்கே ஆள் ஒதுக்க வேண்டும், வண்டி வேண்டும். அதே போலீஸ்காரர்கள்தான் கோர்ட்டு வாய்தாவுக்கும் கைதிகளைக் கூட்டிப்போக வேண்டும். அவர்கள்தான் வடலூர் தைப்பூசத்துக்கும், சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்கும், தேவனாம்பட்டினம் மாசி மகத்துக்கும், அமைச்சர் வருகைக்கும் பந்தோபஸ்து நிற்க வேண்டும். ஓ.பி. சீட்டில் மருத்துவர் ‘ஒரு வாரம் கழித்து வரவும்’ என்று எழுதியிருப்பார். அந்த ஒரு வாரம் கழித்து எஸ்கார்ட் கிடைக்காது. அதற்கடுத்த வாரம் கிடைக்கும், ஆனால் அன்றைக்கு அந்தச் சிறப்பு மருத்துவரின் ஓ.பி. இருக்காது. ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தால் அந்தத் தேதி தப்பும், மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஒரு குடலிறக்க அறுவைச் சிகிச்சை இப்படியே மாதக்கணக்கில் தள்ளிப் போகும், யாரும் ‘முடியாது’ என்று ஒருமுறைகூடச் சொல்லாமலேயே.

எல்லை இருப்பது இதை இன்னும் குழப்புகிறது. கடலூர்க்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் வாயில் முதலில் வரும் பெயர் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேல். வெளியில் இருக்கும்போது அந்த வியாபாரியும் ஜிப்மர் நோயாளியாகவே இருந்திருக்கலாம்; அவருடைய பழைய ரிப்போர்ட்டெல்லாம் அங்கேதான் இருக்கும். சிறை என்பது அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் வரும் விஷயம். தமிழ்நாட்டுச் சிறையின் பரிந்துரைப் பாதை தமிழ்நாட்டு மருத்துவமனைகள் வழியாக ஓடுகிறது: மஞ்சக்குப்பம், பிறகு சிதம்பரத்திலோ முண்டியம்பாக்கத்திலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி, அதற்கும் மேலே சென்னை. பக்கத்தில் இருக்கும் ஜிப்மர் அந்தப் பாதையின் இயல்பான படி இல்லை. துப்பாக்கி ஏந்திய தமிழ்நாட்டுப் போலீஸ் ஒரு கைதியோடு யூனியன் பிரதேசத்துக்குள் போவதென்றால் கூடுதல் உத்தரவுகள் தேவைப்படும். கூடுதல் உத்தரவு என்றால் கூடுதல் நாள். காலாப்பட்டில் இருப்பவருக்கு இந்த ஒரு விஷயத்தில் நிலைமை மேல்: ஜிப்மரும் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையும் அவருடைய யூனியன் பிரதேசத்துக்குள்ளேயே இருக்கின்றன.

   

மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் அங்கே கைதிகள் வார்டு, வாசலில் காவல். கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டுவது பற்றி உச்ச நீதிமன்றம் 1995-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அசாமில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானவர்களை மருத்துவமனைக் கட்டிலில் விலங்கிட்டுக் கயிற்றால் கட்டியும் வைத்திருந்ததைப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் பார்த்துக் கடிதம் எழுத, அதுவே வழக்கானது. மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் விலங்கு கூடாது என்று தீர்ப்பு. புதிய சட்டத்தின் 43-ஆவது பிரிவு சில கடுமையான குற்றங்களில் கைதின்போதும் கோர்ட்டில் நிறுத்தும்போதும் விலங்கு போடலாம் என்கிறது. மருத்துவமனைக் கட்டிலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

சிறைக்குள் நடப்பதைக் கவனிக்கக் கூடியவர் ஒருவர் இருக்கிறார், மாஜிஸ்திரேட். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காவலை நீட்டிக்கும்போது கைதியைப் பார்த்தாக வேண்டும். ஆனால் இப்போது பெரும்பாலும் காணொலிதான். நீதிமன்றக் காவலை நீட்டிக்கச் சட்டமே அதை அனுமதிக்கிறது. வழிக்காவல் பற்றாக்குறைக்கு அது நல்ல தீர்வு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரையில் முகம் மட்டும் தெரியும். வீங்கிய கால் தெரியாது, இளைத்துப்போன உடம்பு தெரியாது, புண்ணின் நாற்றம் தெரியாது. வரிசையில் இருபது பேர், ஆளுக்கு அரை நிமிடம். ‘ஏதாவது சொல்லணுமா?’ என்று கேட்டாலும், பக்கத்தில் சிறை அதிகாரி நிற்கும்போது ‘மருந்து தர மாட்டேங்கிறாங்க’ என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

அப்படியானால் நோய் என்று சொல்லி ஜாமீன் வாங்கலாமே என்று தோன்றும். ஜாமீனில் விட முடியாத குற்றங்களிலும் நோயுற்றவர், உடல் நலிந்தவர், பெண்கள் ஆகியோரை விடலாம் என்று பழைய சட்டத்தின் 437-ஆவது பிரிவு சொன்னது. இப்போது அது 480. ‘விடலாம்’ என்பதுதான், ‘விட வேண்டும்’ என்பதில்லை. மனு வந்ததும் நீதிமன்றம் சிறைக் கண்காணிப்பாளரிடம் அறிக்கை கேட்கும். நிலை சீராக இருக்கிறது, தேவையான மருந்துகள் தரப்படுகின்றன என்று அறிக்கை வரும். சிறையிலோ அரசு மருத்துவமனையிலோ கிடைக்கும் சிகிச்சை போதாது என்று நிரூபிக்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் விழும். அந்த நிரூபணத்துக்கு வேண்டிய ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்ய எஸ்கார்ட் வேண்டும். மறுபடி அதே முடிச்சு.

பணமும் பெயரும் இருந்தால் இந்த முடிச்சு எவ்வளவு சீக்கிரம் அவிழும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2023 ஜூன் 14 அன்று அமலாக்கத் துறையால் கைதான அன்றைய அமைச்சர் செந்தில் பாலாஜிக்கு நெஞ்சு வலி என்றதும் நீதிபதியே மருத்துவமனைக்கு வந்து ரிமாண்ட் செய்தார். மறுநாளே உயர் நீதிமன்றம் அவர் விரும்பிய தனியார் மருத்துவமனைக்கு மாற்ற அனுமதித்தது. ஒரே வாரத்தில் பைபாஸ் அறுவைச் சிகிச்சையும் முடிந்தது. இதில் தப்பு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அடைபட்ட ரத்தக் குழாய் உள்ள எந்தக் கைதிக்கும் நடக்க வேண்டியது அதுதான். அந்த வேகம் கேப்பர் மலையில் கிடக்கும் பெயர் தெரியாத ஒருவருக்கு வாய்க்குமா என்பதே கேள்வி. அமைச்சருக்கும்கூட உடல்நிலை காரணமான ஜாமீன் கிடைக்கவில்லை. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மருந்தால் சரிசெய்யக் கூடியதுதான் என்ற நிலையை எடுத்தது. 2024 செப்டம்பரில் அவர் வெளியே வந்தது விசாரணை நீண்டுகொண்டே போன காரணத்தால்.

இன்னொரு முனையில் ஸ்டேன் சாமி. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த பாதிரியார். 2020 அக்டோபரில் ராஞ்சியில் கைதாகி மும்பை அருகே தலோஜா சிறையில் அடைக்கப்பட்டபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்க ஸ்ட்ராவும் மூடியுள்ள கோப்பையும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அதற்குப் பதில் சொல்ல விசாரணை அமைப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே மருத்துவமனையில் இறந்தார். அவர்மீதான வழக்கில் விசாரணை தொடங்கியிருக்கவில்லை.

மனநலம் பற்றிச் சுருக்கமாக. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆவது பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல சிகிச்சை இடம் வேண்டும் என்கிறது. ரிமாண்டின் முதல் வாரம்தான் தற்கொலை எண்ணம் அதிகம் தலைதூக்கும் காலம் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. வலிப்பு மாத்திரையையோ மனநோய் மாத்திரையையோ திடீரென நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பலாம். காசநோய்க்கும் அதே கதிதான், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. உள்ளே போகும்போது ஒருமுறை அறுபடும், ஜாமீனில் வெளியே வரும்போது இன்னொருமுறை அறுபடும். ஜாமீன் உத்தரவு பெரும்பாலும் சாயங்காலம் வந்து சேரும், ஆளைப் பையோடு வெளியே விடுவார்கள், மருந்தகம் அதற்குள் மூடியிருக்கும்.

காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆணையம் 1993 முதல் இதை வலியுறுத்துகிறது. மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். 2022-இல் நாடு முழுக்கச் சிறைகளில் இறந்த 1,995 பேரில் 1,773 பேரின் மரணம் ‘இயற்கை மரணம்’ என்று பதிவாகியிருக்கிறது. அந்தத் தலைப்புக்குள் 80 வயதில் தூக்கத்தில் போனவரும் இருக்கிறார், இரண்டு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தவரும் இருக்கிறார். புள்ளிவிவரம் இருவரையும் பிரித்துக் காட்டாது.

அப்புறம், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்? நிறைய இல்லை, ஆனால் சில விஷயங்கள் நேரத்தோடு செய்தால் பலிக்கும். ரிமாண்ட் நடக்கும் அன்றே பழைய மருந்துச் சீட்டின் நகலை வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்து, ‘இவருக்கு இந்த நோய் உள்ளது, சிறை மருத்துவர் தொடர்ந்து சிகிச்சை தர வேண்டும்’ என்று உத்தரவிலேயே எழுத வைக்கலாம். ரிமாண்ட் வாரண்டோடு சிறைக்குப் போகும் அந்த ஒரு வரிக்கு, மனு பார்க்கும்போது காவலரிடம் கெஞ்சுவதைவிட மதிப்பு அதிகம். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். மாவட்ட நீதிபதி தலைமையில் விசாரணைக் கைதிகளின் நிலையை ஆராயும் குழு ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. சிறப்புச் சிகிச்சை தேவைப்படும் நோயாளிகளின் பெயரைப் பரிசீலிப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. அந்தப் பட்டியலில் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வெளி மருத்துவமனையில் பார்த்திருந்தால், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்கிறது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை. அதற்கு உள்ளே இருப்பவரின் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்; அடுத்த முறை மனு பார்க்கப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். சிறைக்குள் என்ன மருந்து தரப்படுகிறது, எந்தத் தேதிகளில் வெளியே கூட்டிப்போகச் சொல்லி மருத்துவர் எழுதினார், வழிக்காவல் கேட்டுக் கடிதம் எப்போது போனது என்பதையெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சாதாரணமாக 30 நாள் அவகாசம். ஆனால் ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 7-ஆவது பிரிவு சொல்கிறது. மனுவின் முதல் வரியிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, நோயின் பெயரையும் எழுதிவிடுங்கள்.